இடிந்த கட்டடத்துப் புழுதியை அளந்த அனுபவம்

மொட்டைமாடி:
எந்தக் கட்டடம் என்பது வேண்டாம். புகை அடங்கிவிட்டது என்று அறிவித்த பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். காற்று அடிக்கும் திசையில், பக்கத்துக் கட்டடத்து மாடியில் பிஎம் 2.5 சாம்ப்ளரை வைத்தோம் (2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களை ஃபில்டரில் பிடிக்கும் கருவி; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கான்கிரீட் தூள்தானே, சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று ஃபில்டர் வைத்த கேசட்டைத் திறந்தால் ஃபில்டர் தார் பூசியதுபோலக் கறுப்பு. வானமோ பளிச்சென்று இருக்கிறது! குவியலுக்கு அடியில் தீ கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. பொக்லைன் ஒரு ஸ்லாபைத் தூக்கினால் கையடக்கக் கருவியில் எண் எகிறும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அறிக்கையில் போனது 24 மணி நேரச் சராசரி மட்டும், அது குறைவாகத்தான் இருந்தது. "குழந்தையைக் கூட்டிட்டு வரலாமா தம்பி?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மேலதிகாரி அந்தச் சராசரியைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஈரக்காற்று:
நீங்கள் சொல்லும் கையடக்கக் கருவி ஒளிச்சிதறலில் வேலை செய்வது. தூசி அடங்கத் தண்ணீர் பீய்ச்சினார்களா இல்லையா? நான் நின்ற இடத்தில் ஹோஸைத் திறந்ததும் எண் ஏறியது, அது நீர்த்திவலை; ஒளியைச் சிதறடிப்பதால் கருவி அதையும் தூசியாகவே எண்ணிவிடும். ஸ்லாபைத் தூக்கியதால்தான் ஏறியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மொட்டைமாடி:
ஃபில்டரைக் கறுப்பாக்கியதும் தண்ணீர்தானா சார்?

பழைய கை:
இரட்டைக் கோபுரங்கள் இடிந்த 2001 நியூயார்க்கை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். செப்டம்பர் 11-க்கு ஒரு வாரத்திலேயே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை காற்று பாதுகாப்பானது என்றது. அப்படிச் சொல்லப் போதிய தரவு அப்போது இல்லை என்று அதே முகமையின் தலைமை ஆய்வாளர் (இன்ஸ்பெக்டர் ஜெனரல்) அலுவலகம் 2003-ல் எழுதியது. குவியலோ டிசம்பர் வரை எரிந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழக விஞ்ஞானி தாமஸ் கேஹிலின் குழு அக்டோபரில் ஒரு மைல் தள்ளி, துகள்களை எட்டு அளவுகளாகப் பிரித்துச் சுழலும் உருளைகளில் படியவைக்கும் கருவியை வைத்தது. அதனால்தான் கால் மைக்ரானுக்கும் கீழே சிலிக்கான், உலோகங்கள் எல்லாம் தெரிந்தன. மொத்த எடையை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. நுண்ணிய கரித்துகளுக்கு எடை மிகக் குறைவு, ஃபில்டர் கறுத்தும் சராசரி குறைவாக வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

நார்:
நான் ஒரே ஒரு இடிபாட்டில்தான் நின்றேன், பழைய குழாய் உறை கிழிந்து தொங்கியது, அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் (பழைய குழாய் உறைகளில் இருக்கும், நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார்) இருக்கிறதா என்று பிஎம் எண் சொல்லாது, அதற்குத் தனி ஃபில்டர், நுண்ணோக்கி. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் மெல்லிய நார் தப்பிவிடும், எலக்ட்ரான் நுண்ணோக்கி கேளுங்கள். ஈரப்பதத்தையும் காற்றின் திசையையும் நேரத்தோடு குறித்து வையுங்கள், இல்லையென்றால் மேலே நடக்கிற சண்டைதான் மிஞ்சும். நிமிடக்கணக்குத் தரவை அழிக்காதீர்கள். காற்று எதிர்த்திசையிலும் ஒரு கருவி இருக்கட்டும், அது இல்லாமல் இடிபாட்டின் பங்கு எது, சாலைப் புகை எது என்று பிரிக்க முடியாது. துணி முகமூடியோடு குவியல் மேல் ஏறாதீர்கள். அப்புறம், மொட்டைமாடி, அந்த ஃபில்டர் இன்னும் கையில் இருக்கிறதா? எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் தனிமங்களை இப்போதும் பார்க்கலாம்.