ஒன்டாரியோவில் டிரைவிங் ரெக்கார்டு: ஊரில் வாங்க வேண்டியதும் இங்கே வாங்க வேண்டியதும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் டிரைவிங் ரெக்கார்டு எங்கே என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். லைசென்ஸ் தேர்வு நடத்தும் டிரைவ்டெஸ்ட் சென்டர் கேட்பது ஊர் லைசென்ஸின் வரலாறு. இன்சூரன்ஸ் புரோக்கரும் வேலை கொடுப்பவரும் கேட்பது பெரும்பாலும் இந்த மாகாணத்து ரெக்கார்டு, அதாவது எல்லோரும் 'அப்ஸ்ட்ராக்ட்' என்று சொல்வது.

ஊர்க் காகிதத்தை விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். இந்திய, இலங்கை லைசென்ஸை இங்கே நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். எழுத்துத் தேர்வு, கண் பரிசோதனை எல்லாம் உண்டு. ஆனால் 24 மாதத்துக்கு மேல் ஓட்டிய அனுபவத்தை நிரூபித்தால் நேராக ஜி, அதாவது முழு லைசென்ஸுக்கான ரோடு டெஸ்டுக்கே போகலாம். நிரூபிக்க லைசென்ஸ் அட்டை மட்டும் போதாது, அதைக் கொடுத்த அலுவலகத்தின் கடிதம் வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்கள் ஆர்.டி.ஓ.வில் 'டி.எல். எக்ஸ்ட்ராக்ட்' என்று கேளுங்கள். இந்திய அரசின் பரிவாஹன் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். இலங்கையர்களுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்.

கையில் வாங்கியதும் இரண்டு விஷயம் பாருங்கள். முதன்முதலில் லைசென்ஸ் கிடைத்த தேதி அதில் இருக்கிறதா? புதுப்பித்த தேதி மட்டும் இருந்தால் பத்து வருடம் ஓட்டியவரும் புது டிரைவர்தான். அடுத்தது பெயர். லைசென்ஸில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கந்தசாமி' என்றால் கவுண்டரில் இருப்பவருக்கு அது இரண்டு ஆள். நம் இனிஷியல் வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. ஊரில் இருக்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி விரித்து எழுதி வாங்குங்கள். ஊர் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கிளெய்ம் எதுவும் இல்லை என்று ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். எல்லாக் கம்பெனியும் அதை மதிப்பதில்லை, இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

ஒன்டாரியோ ரெக்கார்டு வாங்குவது சுலபம். மாகாண அரசின் சர்வீஸ்ஒன்டாரியோ தளத்தில் லைசென்ஸ் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் சரி. 3 வருட ரெக்கார்டே பெரும்பாலும் போதும். முத்திரையிட்ட பிரதிக்குக் கட்டணம் கூடுதல், ஆகவே எது வேண்டும் என்று கேட்டவரிடமே உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். வேலைக்கென்றால் அண்மையில் எடுத்ததாகக் கேட்பார்கள், முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைக்க வேண்டாம்.

அதில் என்ன இருக்கும்? தண்டனைகள், லைசென்ஸ் முடக்கங்கள், போக்குவரத்துக் குற்றங்களுக்காக ஏறும் டிமெரிட் பாயிண்டுகள். பார்க்கிங் டிக்கெட் வராது. சிவப்பு விளக்குக் கேமரா டிக்கெட் வண்டி உரிமையாளர் பெயருக்குப் போகும், பாயிண்ட் கிடையாது. ஆனால் போலீஸ் நிறுத்தி எழுதிய ஸ்பீடிங் டிக்கெட்டுக்குப் பேசாமல் பணத்தைக் கட்டினால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. வேக வரம்பைவிட மணிக்கு 15 கிலோமீட்டர் வரை கூடுதலாகப் போனதற்குப் பாயிண்ட் இல்லை, ஆனால் ரெக்கார்டில் ஏறிவிடும். இன்சூரன்ஸ்காரர் பார்ப்பது பாயிண்டை அல்ல, தண்டனையைத்தான். பாயிண்டுகள் குற்றம் நடந்த நாளிலிருந்து 2 வருடம் நிற்கும்.

டிரக் ஓட்டப் போகிறவர்களிடம் சி.வி.ஓ.ஆர். அப்ஸ்ட்ராக்டும், அதாவது வணிக வண்டி ஓட்டிய ரெக்கார்டும், கேட்பார்கள். அது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்; மேலே சொன்னதை வாங்கினால் கூடவே வந்துவிடாது.