கோயிலில் தாலி, ஜேபிஎன்-இல் (மலேசியத் தேசியப் பதிவுத் துறை) பதிவில்லை: பிள்ளையின் குடியுரிமைக்கு 15ஏ மனுவா, வழக்கா?

பிறைவாசி: தகப்பனுக்கு நீல ஐசி (மலேசியக் குடிமகன்). தாய் இந்தோனேசியர், ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி. பினாங்கில் பிறந்த பிள்ளைக்கு இப்போது 9 வயது. சூராட் பெரானாக்கில் (பிறப்புப் பத்திரத்தில்) ‘புக்கான் வார்கானெகாரா’ (குடிமகன் அல்ல) என்று இருக்கிறது. எந்த வழி?

மாறன்: அரசியலமைப்பின் 15ஏ மனுதான், அதாவது சிறப்புச் சூழ்நிலையைக் காட்டிப் பிள்ளையைக் குடிமகனாகப் பதியச் சொல்லி அரசிடம் கேட்பது. 1982 மார்ச் 1-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர் கல்யாணம் பதிந்தால்தான் சட்டப்படி செல்லும். பதியாததால் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகிறது. அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பாகம், 17-ஆம் பிரிவு அங்கே ‘தகப்பன்’ என்பதைத் ‘தாய்’ என்று படிக்கச் சொல்கிறது. அதனால் தகப்பனின் குடியுரிமை பிள்ளைக்கு வராது. டிஎன்ஏ சோதனைக்குக் காசைக் கொட்டாதீர்கள். ரத்தத்தை யாரும் மறுக்கவில்லை, தாலியைத்தான் மறுக்கிறார்கள்.

பூங்கொடி: 15ஏ அரசு மனசு வைத்தால் கிடைப்பது. வருஷக்கணக்கில் இழுத்து, காரணம் சொல்லாமல் நிராகரிப்பார்கள். அதே மூன்றாம் பாகத்தின் 2-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் தடை போடுகிறது. அரசியலமைப்பின் 14(1)(பி) அப்படியல்ல, அது உரிமை. இங்கே பிறந்து வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத பிள்ளை, இரண்டாம் அட்டவணை, இரண்டாம் பாகம், 1(இ)-இன்படி பிறக்கும்போதே குடிமகன். 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் கைவிடப்பட்ட பிள்ளைக்கு அந்த வழியைத் திறந்ததே!

மாறன்: அங்கே பெற்றோர் யாரென்றே தெரியாது, கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தையை இங்கேயே பிறந்ததாகக் கொள்ளும் 19பி பிரிவு கைகொடுத்தது. இங்கே தாய் யாரென்று பத்திரத்திலேயே இருக்கிறது. இந்தோனேசியாவின் 2006-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே அந்நாட்டுத் தாய்க்குப் பிறந்த பிள்ளை அந்நாட்டுப் பிரஜை. அரசு வழக்கறிஞர் அந்த ஒரு பக்கத்தை நீட்டினால் உங்கள் 1(இ) படுத்துவிடும்.

பூங்கொடி: ஏட்டில் பிரஜை, கையில் ஒரு காகிதமும் இல்லை. பினாங்கு பர்மா சாலையிலுள்ள இந்தோனேசியத் துணைத் தூதரகத்துக்குத் தாயின் பாஸ்போர்ட் நகலோடு எழுதட்டும். ‘எங்கள் பிரஜை இல்லை’ என்று கடிதம் வந்தால் அதுவே வழக்கின் முதல் சாட்சி.

மாறன்: ‘ஆம்’ என்று வந்தால்? நீங்களே குழி வெட்டினதாகிவிடும்.

பூங்கொடி: வரட்டும். 15ஏ-வுக்கு நாடற்றவனாக இருக்க வேண்டும் என்றில்லையே, ‘சிறப்புச் சூழ்நிலை’ போதும். அந்த மனு அப்போதும் நிற்கும். தெரியாமல் வழக்குப் போட்டுத் தோற்பதைவிட இது மேல்.

மாறன்: அதுவரை மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. 15ஏ-வுக்கு வயது வரம்பு 21-ஆக இருந்தது. மக்களவை 2024 அக்டோபர் 17-இல் நிறைவேற்றிய திருத்தம் அதை 18-ஆகக் குறைக்கிறது. ஒரு மனு தள்ளுபடியாகி இன்னொன்று போடுவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

பூங்கொடி: இதில் சண்டையில்லை. பிறைவாசி, பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏறியிருக்கிறதா? பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டிருந்தால்தான் ஏறும். தாய் இல்லாமல் இப்போது ஏற்றுவது பெரும்பாடு. அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.