புதுப்பிப்பு: கேசினோ டயர் (உறுப்பினர் நிலை) உயர்ந்தும் போர்டிங் பாஸில் ‘பிரையாரிட்டி’ வராத சிக்கல் தீர்ந்தது

சுற்றுலாக் கப்பலின் கேசினோவில் (சூதாட்ட அரங்கில்) டயர் ஏறியும் போர்டிங் பாஸில் கப்பல் ஏறும் முன்னுரிமை (‘பிரையாரிட்டி’) ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பொது முன்பதிவு எண்ணை விட்டுவிட்டு கேசினோ பிரிவுக்கே போன் போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. பயண உறுப்பினர் எண்ணும் கேசினோ எண்ணும் தனித்தனிக் கணக்கு; புக்கிங்கில் முதலாவது மட்டுமே ஏறியிருந்தது. கேசினோ கணக்கில் இனிஷியல் இருந்தது, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். அதனால் இரண்டும் தானாக இணையவில்லை. திருத்திய பிறகும் ஆப்பில் பழைய பாஸே நின்றது. அதை நீக்கி மறுபடி இறக்கியதும் ‘பிரையாரிட்டி’ வந்துவிட்டது.

எதிர்பாராதது: பாதுகாப்புச் சோதனைக்கு எல்லோருக்கும் ஒரே வரிசை, முன்னுரிமை அதைத் தாண்டித்தான். அறையில் கூடத் தங்குபவருக்கும் சலுகை உண்டு, தனி புக்கிங்கில் வரும் பக்கத்து அறைக்கு இல்லை. பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் சிக்னல் படுமோசம்.