மறுமொழி: ரஷ்யர்கள் சொல்லும் அந்தப் போருக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்து, 1945 மே மாதம் முடிந்த போருக்கு ரஷ்யர்கள் வைத்த பெயர் (ஆங்கிலத்தில் Great Patriotic War) இன்னும் தமிழில் முடிவாகவில்லை.

> ‘பெருங்காஞ்சிப் போர்’ எனலாம். பழந்தமிழ்ப் போர்த்திணைகளில் படையெடுப்பது வஞ்சி, எதிர்நின்று காப்பது காஞ்சி.

புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூற்படி சரிதான் ஐயா. ஆனால் தொல்காப்பியருக்குக் காஞ்சி என்றால் நிலையாமை ஆயிற்றே. பெருங்காஞ்சியோ, ஒரு வீட்டில் நெய்தற்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கிற புறநானூறு 194-ஆம் பாட்டின் துறை (திணையின் உட்பிரிவு). லெனின்கிராட் முற்றுகையில் 872 நாள் தாக்குப்பிடித்ததை நொச்சி (கோட்டை காத்தல்) என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அதே செஞ்சேனை (சோவியத் படை) 1945-இல் பெர்லினை வளைத்தபோது அது உழிஞை (கோட்டையை முற்றுகையிடல்) ஆகிவிடுகிறதே! நான்காண்டுப் போர் ஒரு திணைக்குள் அடங்காது.

> ‘தேசபக்தப் போர்’ என்றே விடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணா, ஆனால் வேறு மாதிரிப் புரியும். வடசொல் என்பதற்காக மறுக்கவில்லை. ரஷ்ய மூலமான ‘அத்யேச்செஸ்த்வென்னயா’வில் பக்தியே இல்லை, அது ஆங்கிலம் வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. மூலத்தின் வேர் தந்தை என்ற சொல்; பாரதி பாடிய தந்தையர் நாடுதான் அது. 1812-இல் நெப்போலியனை எதிர்த்த போருக்கும் ரஷ்யர்கள் இதே அடைமொழியைத்தான் வைத்தார்கள், 1941-இல் ‘பெரும்’ சேர்ந்தது. ஆகவே ‘தந்தையர் நாட்டுப் பெரும்போர்’ என்கிறேன்.

அப்புறம், இந்தப் பெயரை எங்கே போடுவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 1941-இல் தொடங்கும் பெயர், 1939 செப்டம்பர் 17 அன்று சோவியத் படை போலந்துக்குள் நுழைந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரஷ்யாவிலும் பெலாரஸிலும் இன்றும் இந்தப் பெயரே அரசு வழக்கு. உக்ரைனோ 2015-இல் சட்டமியற்றி ‘இரண்டாம் உலகப் போர்’ என்று மாற்றிக்கொண்டது. இறந்த சோவியத் மக்கள் ஏறத்தாழ 2.7 கோடி, அவர்களில் உக்ரைனியரும் பெலாரஸியரும் யூதரும் லட்சக்கணக்கில் உண்டு. அத்தனை பேருடைய சாவையும் இன்றைய மாஸ்கோவின் பெயருக்குள் நம் பாடநூல் வைக்கக் கூடாது. நூல் தன் குரலில் பேசும் இடமெல்லாம் ‘சோவியத்–ஜெர்மன் போர்’ என்றிருக்கட்டும், ரஷ்யர் கூற்றாக வரும் இடத்தில் மட்டும் மேற்கோள் குறிக்குள் தந்தையர் நாடு வரட்டும்.

ஐயா காஞ்சியை விடமாட்டார் என்று தெரியும், அவருடைய மறுப்பையும் பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிடுகிறேன். பெரும்போரா, மாபெரும் போரா என்பதை மட்டும் வியாழன் மாலைக்குள் சொல்லுங்கள்.