பெட்டியைத் திறக்காமல் பார்த்த தேனீ வாழ்க்கை: உங்கள் அனுபவங்கள்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் பெட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் இந்தியத் தேனீதான். புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்களுக்குத் தினமும் மூடியைத் தூக்கிப் பார்க்க ஆசை வரும். திறக்கத் திறக்கக் கூட்டத்துக்குத் தொந்தரவு. இந்த இனத்துக்கு வெறுத்துப்போனால் அடையை அப்படியே விட்டுவிட்டு மொத்தமாகக் கிளம்பிவிடும். வாசல் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே முக்கால்வாசி விஷயம் தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

காலையில் நான் முதலில் பார்ப்பது பின்னங்கால்களைத்தான். மகரந்த உருண்டையோடு தேனீக்கள் வரிசையாக இறங்கினால் உள்ளே புழுக்கள் இருக்கின்றன, ராணி முட்டையிடுகிறது என்று நிம்மதியாகப் போய்விடலாம். புழுக்களுக்குப் பாலூட்டும் இளம் தேனீக்களுக்கு அந்த மகரந்தம்தான் சாப்பாடு. வெறுங்காலோடு வந்து போய்க்கொண்டிருந்தால்தான் திறந்து பார்க்க வேண்டும்.

வெயில் ஏறியதும் வாசலில் சில தேனீக்கள் நின்ற இடத்திலேயே சிறகடிக்கத் தொடங்கும். புழு இருக்கும் அடைகள் கிட்டத்தட்ட 35 டிகிரியில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த விசிறல். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அவை நிற்கும் திசை. இந்தியத் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ கூட்டைப் பார்த்து நின்று உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள், அலுக்கவே அலுக்காது.

ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் எங்களுக்குத் தேன் காலம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இளம் இலைக்காம்பின் நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தில் இருக்கும் சுரப்பிகளில்தான் அது ஊறுகிறது. அந்த நாட்களில் ராத்திரியிலும் பெட்டி இரைந்துகொண்டே இருக்கும். பகலில் கொண்டுவந்த நீர்த்த மதுவை விசிறி விசிறிக் கெட்டியாக்கும் சத்தம் அது.

வாசலில் பார்க்கவே கூடாதது ஒன்று உண்டு: இழுத்துப் போடப்பட்ட புழுக்கள், தோல் பைக்குள் தண்ணீர் நிரம்பியதுபோல. தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலியாக்கியது இதுதான். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் பெட்டியைப் பார்க்க வந்தால் முதலில் வாசலுக்குக் கீழே தரையைத்தான் பார்ப்பார்கள்.

* * *

அண்ணே, நானும் இந்தியத் தேனீதான் வைத்திருக்கிறேன், கொடைக்கானல் மலையடிவாரத்தில். நான் வாசலில் பார்த்தது சண்டை. பெரிய குளவி ஒன்று பெட்டிக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, திரும்பி வரும் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பலகையில் இருந்த காவல் தேனீக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உடம்பை உதற, உள்ளேயிருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. குளவி துணிந்து பலகையில் இறங்கியது, அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரத்தில் தேனீக்கள் அதை மூடிப் பந்தாகிவிட்டன.

அவை கொட்டிக் கொல்வதில்லை. பறக்கும் தசைகளை இயக்கிச் சூடேற்றுகின்றன. பந்துக்குள் 45 டிகிரிக்கு மேல் போகும், கரியமில வாயுவும் சேரும். குளவிக்குத் தாங்காத அந்தச் சூட்டை, அதைவிடச் சில டிகிரி கூடுதலாகவும் தேனீ தாங்கும். உயிர் தப்பும் இடைவெளி அந்தச் சில டிகிரிதான்! பந்து கலைந்தபோது குளவி செத்துக் கிடந்தது. இத்தாலியத் தேனீயால் இவ்வளவு நேர்த்தியாக இதைச் செய்ய முடிவதில்லை. நம் ஊர்த் தேனீ குளவிகளோடு சேர்ந்தே காலம் காலமாக வாழ்ந்து கற்ற வித்தை அது. இதைப் பார்த்ததிலிருந்து தேன் குறைவாகக் கிடைத்தாலும் இந்த இனத்தை விட மனசு வரவில்லை.

* * *

நான் இத்தாலியத் தேனீ வளர்க்கிறேன், அதனால் அந்தக் கட்சிக்காகவும் ஒரு வார்த்தை. கூட்டம் பிரிந்துபோன பெட்டி ஒன்றில் ராத்திரி காதை வைத்துக் கேட்டேன். 'டூ... டூ...' என்று நீளமாக ஒரு குரல். நிறுத்தியதும் வேறு இடத்திலிருந்து 'குவா, குவா' என்று பதில். முதலில் வெளியே வந்த இளம் ராணி நெஞ்சை அடையில் அழுத்தி எழுப்பும் அதிர்வு முதல் குரல். இன்னும் மெழுகு அறைக்குள் அடைபட்டிருக்கும் ராணிகளின் குரல் அடுத்தது. வெளியே ஒரு ராணி இருக்கும்வரை மற்றவை வந்து சண்டையில் சாகாமல் இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் அந்த அறைகளின் மூடியைத் திரும்பத் திரும்ப மெழுகால் அடைத்து வைக்கின்றன. சரி, இது மறுபடி பிரியப் போகிறது என்று புரிந்தது. விடிந்ததும் ராணி அறை இருந்த அடைகளை மரச்சட்டத்தோடும் தேனீக்களோடும் எடுத்து இன்னொரு பெட்டியில் வைத்தேன். இப்போது இரண்டு பெட்டியிலும் ராணி முட்டையிடுகிறது.