பையனுக்கு நுரையீரல் சுருங்கியது: திரும்ப வருமா?

கரூர் அம்மா:
பத்தாவது படிக்கும் என் மகன் ஒல்லி, உயரம் ஆறடியை நெருங்குகிறான். டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று இடது மார்பைப் பிடித்துக்கொண்டான். மூச்சை இழுத்தால் குத்துகிறது, தோள்பட்டை வரை வலிக்கிறது என்றான். வாயுப் பிடிப்பு என்று மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். (எங்கள் வீட்டில் எந்த வலிக்கும் முதல் மருந்து அதுதான்.) மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே பார்த்து நியூமோதோராக்ஸ் என்றார்கள். நுரையீரலில் இருந்து கசிந்த காற்று விலாவுக்கு உள்பக்கம் தேங்கி, நுரையீரலையே அமுக்கிவிட்டது. அடிபடவும் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை. ஒல்லியாக உயரமாக வளரும் பையன்களில் சிலருக்கு நுரையீரலின் உச்சியில் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்குமாம், அது வெடித்தால் இப்படி ஆகுமாம். விலா இடுக்கில் டியூப் போட்டு, கீழே தண்ணீர் பாட்டிலோடு இணைத்தார்கள். அவன் இருமும்போதெல்லாம் பாட்டிலில் குமிழி வரும், எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். திரும்ப வருமா?

வார்டு நர்ஸ்:
அந்தக் குமிழி நல்லதுதான் அக்கா, தேங்கிய காற்று வெளியே வருகிறது. டியூப் முனை தண்ணீருக்குள் இருப்பதால் வெளிக்காற்று உள்ளே போகாது. வார்டில் நான் சத்தம் போடுவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, பாத்ரூம் போகும்போது பாட்டிலை மார்புக்கு மேலே தூக்குவது. இன்னொன்று, குமிழி வந்துகொண்டிருக்கும்போதே டியூபைக் கிளிப் போட்டு அடைப்பது. அடைத்தால் காற்று உள்ளேயே சேர்ந்து இதயத்தை அழுத்தும், உயிருக்கே ஆபத்து.

எல்லாருக்கும் டியூப் தேவைப்படாது. கொஞ்சம் காற்று என்றால், ஆக்ஸிஜன் வைத்துக் கவனித்தாலே போதும், தானாக உறிஞ்சிக்கொள்ளும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 14 முதல் 50 வயது வரையுள்ள 316 பேரிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நிறையக் காற்று தேங்கியும் டியூப் போடாமல் கவனித்தவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் தானே விரிந்துவிட்டது. ஆனால் மூச்சுத் திணறல் இருந்தால் அந்தப் பேச்சே கிடையாது.

திண்டுக்கல் அப்பா:
மேடம், என் பையனுக்குத் திரும்ப வந்தது, அதே பக்கம், பிளஸ் டூ படிக்கும்போது. இந்த முறை வலி வந்ததுமே அவனே சொல்லிவிட்டான். சிடி ஸ்கேனில் கொப்புளம் தெரிந்தது. சிறு துளை வழியாக அதை வெட்டியெடுத்து, நுரையீரல் விலாச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வலி அதிகம், அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதன்பிறகு இதுவரை வரவில்லை. சிகரெட், வேப் பற்றிக் கேட்க டாக்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார், எனக்கு அது சரியென்று பட்டது. விரல்கள் ரொம்ப நீளமாக இருந்ததால் மார்ஃபன் குறைபாடு (உடலின் இணைப்புத் திசுக்களைப் பலவீனமாக்கும் பிறவிக் குறைபாடு, இதயத்தையும் பாதிக்கலாம்) இருக்குமோ என்று எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்தார்கள், இல்லை. எக்ஸ்ரேயில் முழுதும் சரியாகி, டாக்டர் சம்மதித்த பிறகே விமானம் ஏறலாம். ஸ்கூபா டைவிங்கை (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துவதை) மட்டும் வாழ்நாள் முழுக்க மறந்துவிடச் சொன்னார். காரைக்குடியைத் தாண்டாதவன், கடலையே பார்க்காதவன், அதற்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டான்!