திராட்டில் பாடி பட்டர்ஃப்ளை ஸ்க்ரூ: கழட்டலாமா, கூடாதா?

பழையவண்டி:
வண்டி 2003 மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, கேபிள் திராட்டில். இன்ஜின் வெளியே இருக்கு, அது உட்கார்ற பே முழுக்க பெயின்ட் வேலை நடக்குது. இன்டேக் மேனிஃபோல்டு புதுசு மாதிரி வந்தாச்சு. அது பக்கத்துல திராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போற காத்தை அளந்து விடுற உறுப்பு) மட்டும் வெள்ளை பூத்துப்போய், கூலண்ட் கசிஞ்ச பச்சைத் தடத்தோட அசிங்கமா நிக்குது. டிபிஎஸ் (தகடு எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்), ஐஏசி வால்வு (ஐடில்ல, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காதப்ப, காத்து விடுறது), ஹோஸ் எல்லாம் கழட்டி, உள்ள திறந்து மூடுற பட்டர்ஃப்ளை தகட்டையும் அதைத் திருப்புற ஷாஃப்டையும் உருவி, பாடியை பீட் பிளாஸ்டிங் (கண்ணாடி மணியை வேகமா அடிச்சு சுத்தம் பண்றது) பண்ணி பவுடர் கோட்டிங் அடிக்கலாம்னு திட்டம். தகட்டைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்க்ரூ மட்டும் அசைய மாட்டேங்குது. எப்படிக் கழட்டுறது?

சந்துமெக்கானிக்:
அசையக் கூடாதுன்னுதான் கம்பெனியிலயே அப்படிப் பண்ணி அனுப்பியிருக்கான். ஷாஃப்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. ஸ்க்ரூ முனை ரெண்டையும் தட்டி விரிச்சு விட்டிருக்கும். ஏன்னா அதுல ஒண்ணு கழண்டா மேனிஃபோல்டு வழியா நேரா சிலிண்டருக்குள்ள போயிரும். அப்புறம் வால்வு, பிஸ்டன், ஹெட்டுன்னு செலவு எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. பார்க்க அழகா இருக்கணும்னு இந்த ரிஸ்க் எதுக்கு? பாரின் (தகடு உட்கார்ற உருளைத் துளை) உள்சுவருக்கும் தகட்டு விளிம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைக் கம்பெனியில செட் பண்ணியிருக்காங்க, அதைக் கலைக்காதீங்க. தகட்டை மூடி, ரெண்டு பக்கமும் மாஸ்கிங் போட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் பித்தளை பிரஷ்ல தேயுங்க. போதும்.

பழையவண்டி:
மாஸ்கிங் டேப்பை நம்பி பிளாஸ்டிங்குக்கு அனுப்பச் சொல்றீங்களா? ஷாஃப்ட் சுழல்ற புஷ்ஷுக்குள்ள ஒரு கண்ணாடி மணி போனா காலத்துக்கும் அரைச்சுக்கிட்டே இருக்கும். உருவி எடுத்துட்டு அடிக்கிறதுதான் பாதுகாப்புன்னு நான் சொல்றேன்.

சந்துமெக்கானிக்:
பிளாஸ்டிங்கே வேண்டாம்னுதானே சொல்றேன். பித்தளை பிரஷ்னு எழுதினதைப் படிக்கலையா?

லேத்பட்டறை:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. கழட்டவே முடியாதுங்கறது தப்புங்க. ஷாஃப்ட் ஆட்டம் கண்டா வேற வழி கிடையாது, எங்க பட்டறைக்கு புஷ் மாத்த வர்றதெல்லாம் அப்படித்தான். ஆனா ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நேரா முறுக்கினீங்கன்னா விரிஞ்ச முனை ஷாஃப்ட்ல இருக்கற மரையையும் சேத்து வழிச்சுட்டு வந்துரும். முதல்ல விரிஞ்ச முனையைச் சின்ன அரத்துல ஷாஃப்ட் மட்டத்துக்கு ராவி எடுக்கோணும். அப்புறம் கொஞ்சம் சூடு காட்டிட்டுக் கழட்டுங்க. பிட்டும் சரியானதா இருக்கோணும். இது ஜப்பான் ஸ்க்ரூ, நம்ம கடையில விக்கற சாதா ஸ்டார் டிரைவர் மேல ஏறி வழுக்கி தலையைத் தின்னுரும்.

தகட்டை எடுக்கறதுக்கு முன்னாடி எது மேல்பக்கம், எது இன்ஜின் பக்கம்னு கோடு போட்டு வைங்க. தகடு முழு வட்டம் இல்லீங்க. சாய்வா மூடறதால விளிம்பும் சாய்வா சீவியிருக்கும். திருப்பி மாட்டினா ஒரு பக்கம் பிறை மாதிரி சந்து விட்டுரும்.

மாட்டறப்ப பழைய ஸ்க்ரூ வேண்டாம், புதுசு போடுங்க. முதல்ல லூசா விட்டு ஷாஃப்டை நாலஞ்சு தடவை படக்குன்னு மூட விடுங்க, தகடு தானா நடுவுல உக்காந்துரும். மூடின வாக்குலயே இறுக்குங்க. அப்புறம் வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. சுத்தியும் ஒரே மாதிரி முடி அளவு வெளிச்சம் வந்தாச் சரி, ஒரு பக்கம் மட்டும் வந்தா மறுபடி கழட்டுங்க. மரைக்கு லாக்டைட் (மரை கழண்டுக்காம பிடிக்கற பசை) ஒரு துளி போதும், வழிஞ்சா புஷ்ஷுல ஒட்டிக்கும். கடைசியா முனையைப் பஞ்ச் வெச்சு விரிக்கறப்ப ஷாஃப்டுக்கு அடியில முட்டுக் குடுங்க, இல்லாட்டி ஷாஃப்ட் வளைஞ்சுரும்.

சந்துமெக்கானிக்:
அண்ணே, நீங்க தினம் பண்ற வேலை இது. படிக்கிற பத்து பேர்ல ஒன்பது பேர் அரத்தையே இப்பதான் கடையில வாங்கப் போறாங்க. ஷாஃப்ட் ஆடினா கழட்டணும், அதுல எனக்கு மறுப்பில்ல. இவரு வண்டியில ஷாஃப்ட் ஆடுதா?

பழையவண்டி:
இல்ல. ஆட்டம் கிடையாது.

நெடுஞ்சாலை:
ஸ்க்ரூவைப் பற்றியே பேசுகிறீர்கள். பவுடர் கோட்டிங் சரிப்படுமா என்று யாரும் கேட்கவில்லையே. இது அச்சு வார்ப்பு அலுமினியம். உலோகத்துக்குள் காற்றுக் குமிழிகள் அடைபட்டிருக்கும். பவுடரை 180–200 டிகிரி சூட்டில் வேகவைக்கும்போது அந்தக் காற்று வெளியேறி, பூச்சில் ஊசித்துளை போட்டுவிடும். கோட்டிங் கடைக்காரரிடம் முதலில் வெறும் பாடியை அடுப்பில் சுட்டு எடுத்துவிட்டு, பிறகு பவுடர் அடிக்கச் சொல்ல வேண்டும். கேஸ்கெட் உட்காரும் முகம், டிபிஎஸ், ஐஏசி உட்காரும் இடம், பார், இவற்றில் பூச்சு படவே கூடாது.

அனோடைசிங் (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஏற்றுவது) யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். இந்த வார்ப்புகளில் சிலிக்கான் அதிகம் (பரவலாகப் பயன்படும் ஏடிசி12 கலவையில் 9.6 முதல் 12 சதவீதம்). பளிச்சென்று வராது, திட்டுத்திட்டான சாம்பல் நிறம்தான் கிடைக்கும். காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் யோசனையை எங்காவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள், அழுக்கோடு அலுமினியத்தையும் தின்றுவிடும்.

கண்ணாடி மணி விஷயத்தில் பழையவண்டி சொன்னது பாதிதான் சரி. ஷாஃப்டை உருவினாலும் ஐஏசிக்குப் போகும் காற்றுப்பாதையும் வேக்குவம் துளைகளும் அப்படியே இருக்கின்றன. வளைந்து போகும் அந்தப் பாதைகளில் மணி தங்கினால் காற்றடித்தும் வராது. ஒருநாள் இன்ஜினுக்குள் போய் சிலிண்டர் சுவரைக் கீறும். அங்கே கம்பி விட்டுக் குடையவும் கூடாது, சுசுகியின் சர்வீஸ் மேனுவலே வேண்டாம் என்கிறது. பிளாஸ்டிங் செய்தே ஆக வேண்டுமென்றால் எல்லாத் துளைகளுக்கும் ரப்பர் அடைப்பான் போடுங்கள்.

லேத்பட்டறை:
இது சரியான பேச்சுங்க. பாருக்குள்ள எமரித் தாள் போடறதையும் சேத்துக்குங்க. பளபளப்பு வேணும்னு தேச்சு, அப்புறம் ஐடில் இறங்க மாட்டேங்குதுன்னு கொண்டு வர்றாங்க. தேஞ்ச பாரை நான் எங்க போய் நிரப்பறது?

சந்துமெக்கானிக்:
அப்படி ஐடில் ஏறினதும் அடுத்தது லிவர் பக்கத்துல இருக்கிற ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுவாங்க. அது ஐடில் வைக்கிறதுக்கு இல்ல, தகடு பாருல போய் இறுகிக்காம இருக்கத்தான். ஐடிலைப் பார்த்துக்கிறது ஐஏசி. அந்த ஸ்க்ரூவைத் தொட்டா டிபிஎஸ் கணக்கும் சேர்ந்து மாறிடும், ஈசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு) ஆக்சிலரேட்டர்ல இருந்து கால் எடுத்தது கூடத் தெரியாது.

பழையவண்டி:
சரி, ஷாஃப்ட் ஆடலைங்கிறதால தகட்டைத் தொடப் போறதில்ல. பிளாஸ்டிங்கும் பவுடரும் கேன்சல். டிபிஎஸ், ஐஏசி கழட்டி, துளையெல்லாம் அடைச்சு, பித்தளை பிரஷ், மேல சூடு தாங்குற சில்வர் ஸ்ப்ரே. ஆனா சந்துமெக்கானிக், உங்க முதல் வாதத்தை நான் இன்னும் ஒத்துக்கல. ஸ்க்ரூ விழும்னு பயந்தா எந்த இன்ஜினையும் பிரிக்க முடியாது. நான் நிறுத்தினது நெடுஞ்சாலை சொன்ன காற்றுப்பாதைக்காக.

சந்துமெக்கானிக்:
எதுக்காக நிறுத்தினா என்ன, நிறுத்தினீங்களே. டிபிஎஸ் கழட்டுறதுக்கு முன்னாடி அது உட்கார்ந்திருக்கிற கோணத்தை ஊசியால கீறி வச்சுக்குங்க. அதோட ஸ்க்ரூ துளை நீளமா இருக்கும், திரும்ப மாட்டுறப்ப நகர்ந்துரும்.

லேத்பட்டறை:
கேஸ்கெட் புதுசு வாங்கியாச்சுங்களா?